கூட்டம் இருந்தால் அது மலை இல்லையா?

தென் கொரியாவின் புக்கன்சான் மலையில் நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: "உச்சியில நிக்கக்கூட இடம் இல்ல போலிருக்கே, இதுக்குப் போய் எதுக்கு மலை ஏறணும்?" மலை என்றால் ஆளரவமே இருக்கக்கூடாது என்ற எண்ணத்தோடுதான் நானும் முதல் தடவை போனேன். இப்போது எனக்கு அந்தக் கூட்டமே பிடித்துவிட்டது.

சியோல் நகரத்தின் வடக்கு ஓரத்திலேயே நிற்கிற மலை. 1983இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 80 சதுர கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, வருகிறவர்களோ ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் மேல். 2007இலிருந்து நுழைவுக் கட்டணமும் கிடையாது. குபாபால் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஒரு பஸ் பிடித்தால் அடிவாரம் வந்துவிடும். எழுபது வயதுக்காரர்கள்கூட எவரெஸ்டுக்குப் புறப்பட்ட மாதிரி பூட்ஸ், கையுறை, ஊன்றுகோல் சகிதம் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தார்கள். நான் மட்டும் தேய்ந்துபோன ஷூ. 836 மீட்டர்தானே என்ற அலட்சியம்.

1711இல் சுக்ஜோங் மன்னர் கட்டிய கோட்டைச் சுவரை எட்டும்வரை அந்த அலட்சியம் செல்லுபடியானது. அதற்கு மேலே பேகுன்தே உச்சிவரை வெறும் பாறை. பாறையில் அடித்த இரும்புக் கம்பங்கள், அவற்றில் கட்டிய கம்பிவடம், அவ்வளவுதான். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் அதே வடம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை வரிசை தோற்றுவிடும். எத்தனையோ பேர் மிதித்து மிதித்துப் பாறை சில இடங்களில் வழவழவென்று ஆகியிருந்தது. அப்படி ஓரிடத்தில் என் கால் சறுக்கியது. பின்னால் வந்த ஒரு அம்மா என் முதுகுப்பையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினார். திட்டினாரா, தைரியம் சொன்னாரா, புரியவில்லை. காலை எங்கே வைக்க வேண்டும் என்று ஊன்றுகோலால் பாறையில் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். உச்சியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து, படக்கென்று இரண்டாக உடைத்து, பெரிய துண்டை என்னிடம் நீட்டினார். ஒரு பக்கம் இன்சுபொங் பாறை மொட்டையாக நின்றது, கீழே கண்ணுக்கெட்டியவரை அடுக்குமாடிகள். ஆளில்லாத மலையாக இருந்திருந்தால் நான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

கூட்டத்தைப் பூங்கா நிர்வாகம் சும்மா விட்டுவிடவும் இல்லை. உச்சியில் அரிசிக் கள்ளான மக்கொல்லி குடிப்பது அங்கே பழைய பழக்கம். 2018இல் தேசியப் பூங்காக்களின் உச்சிகளிலும் தங்குமிடங்களிலும் மதுவுக்குத் தடை போட்டார்கள். என்னைக் கேட்டால், ஒற்றைக் கம்பிவடத்தை நம்பி இறங்க வேண்டிய இடத்தில் அந்தத் தடை ரொம்பத் தாமதம். தேய்ந்த பாதைகளை அடைத்து, மண்ணுக்கு ஓய்வும் கொடுக்கிறார்கள்.

தனிமைதான் வேண்டும் என்பவர்களுக்கு உயிர்யோங் கணவாய் இருக்கிறது. 1968இல் அதிபர் மாளிகையைத் தாக்க வந்த வட கொரியக் கமாண்டோக்கள் இந்த மலை வழியாகத்தான் ஊடுருவினார்கள். அதன் பிறகு மூடப்பட்ட அந்தக் கணவாய்ப் பாதை 2009இல்தான் திறந்தது, அதுவும் அப்போது முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். நாற்பது வருடம் மனிதக் கால் அதிகம் படாத காடு. நல்ல பாதைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே யாரும் வெள்ளரிக்காய் தரவில்லை.

அடிவாரத்தில் ஷூவில் ஒட்டிய மண்ணை ஊதித் தள்ளக் காற்றுக் குழாய் வைத்திருக்கிறார்கள். வரிசையில் நின்று என் ஷூவில் பிடித்தேன். மண்ணோடு அடிப்பாகமும் பாதி பிய்ந்து தொங்கியது. பின்னால் நின்ற தாத்தா சத்தமாகச் சிரித்துவிட்டார்.