அக்கித் தடுப்பூசி அக்கியை வரவழைக்குமா?

"ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் போடும் தடுப்பூசியே அக்கியைக் கிளப்பிவிடும்" என்ற செய்தி பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் வாட்ஸ்அப் வழியாகப் பரவி வருகிறது. இது தவறு.

சிறு வயதில் சின்னம்மையை உண்டாக்கிய அதே வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையாலோ வேறு நோயாலோ எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்தெழுந்து, உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்புவதே அக்கி. 2023இல் இந்தியாவில் அறிமுகமான ஷிங்ரிக்ஸ் என்னும் அக்கித் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றும், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருளும் மட்டுமே உள்ளன. ஆகவே அதிலிருந்து அக்கி தோன்ற வழியில்லை. 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வில் அது ஏறத்தாழ 97 விழுக்காடு காத்தது.

பக்கவிளைவே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. கைவலி, காய்ச்சல், தலைவலி, உடல் அசதி ஆகியவை பலருக்கு வந்து இரண்டு மூன்று நாட்களில் தணியும் என்பதால், கடலுக்குப் போகிறவர்கள் தொழிலுக்குச் செல்லாத நாட்களில் போட்டுக்கொள்வது நல்லது. மிக அரிதாக, அமெரிக்கக் கணக்குப்படி 65 வயதுக்கு மேற்பட்டோரில் 10 லட்சம் ஊசிகளுக்கு ஏறத்தாழ 3 பேருக்கு, நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைத் தளரச் செய்யும் கில்லன் பாரே என்னும் நோய் கூடுதலாகக் காணப்பட்டது.

காவிமண்ணால் அக்கி எழுதுவது நம் முன்னோர் வழக்கம். ஆனால் அது வைரஸைத் தடுக்காது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சென்று வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். கண்ணருகே வந்தால் அன்றைக்கே செல்ல வேண்டும்.