பனிமலை பொதுதான், அதனால்தான் கோடு வேண்டும்

பனி விழ ஆரம்பித்ததும் இங்கே கொலராடோவில் ஒரு பழைய சண்டையும் கிளம்பிவிடும். ஸ்கீ என்ற நீளச் சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள் ஒரு பக்கம், ஸ்னோமொபைல் என்ற எஞ்சின் பனி வண்டி ஓட்டுகிறவர்கள் மறுபக்கம். தேசிய வனங்களில் எந்தச் சரிவில் எஞ்சின் வண்டி போகலாம், எதில் கூடாது என்பதுதான் வழக்கு. நான் ஸ்கீ கட்சி. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் என் கட்சிக்காரர்களுக்குக் கசக்கிற சில விஷயங்களையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ரிசார்ட்டில் ஸ்கீ விளையாடுவது வேறு. அங்கே டிக்கெட் வாங்கினால் லிஃப்ட் மேலே கொண்டு போய் விடும், பனிச்சரிவு வராமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள். பேக்கன்ட்ரியில், அதாவது ரிசார்ட்டுக்கு வெளியே உள்ள காட்டு மலையில், இது எதுவும் கிடையாது. ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்கிற பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏற வேண்டும். அதன் மயிர் ஒரே திசையில் படிந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. சாதாரணமாக மணிக்கு முந்நூறு, நானூறு மீட்டர் உயரம்தான் ஏற முடியும். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் பீக்கன் என்ற சிக்னல் கருவி உடம்பில்; மண்வெட்டி, ஆளைத் தேடும் நீளக் குச்சி எல்லாம் முதுகில். மூன்று மணி நேரம் மூச்சு வாங்க ஏறி, பட்டையை உரித்துவிட்டு, யாரும் தொடாத பனியில் பத்து நிமிடம் இறங்குவோம். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் இவ்வளவும்.

1960களின் ஸ்னோமொபைல் இதற்குக் குறுக்கே வரவில்லை. மிதித்த பாதையை விட்டு விலகினாலே புதைந்துவிடும். இப்போதைய மலை வண்டிகள் 150 குதிரைத்திறனைத் தாண்டியவை. வண்டியின் அடியில் சுழலும், ஆழமான பற்கள் கொண்ட நீளமான பட்டை செங்குத்துச் சரிவிலும் பிடித்துக்கொண்டு ஏறும். நான்கு வண்டிகள் வந்தால் அரை மணி நேரத்தில் ஒரு பள்ளத்தாக்கே உழுத வயல் ஆகிவிடும். போகட்டும், பனி மறுபடி விழும். ஆனால் யார் அதிக உயரம் போகிறார்கள் என்று சரிவின் தலை வரை ஏறித் திரும்பும் பந்தயம் ஒன்று உண்டு. அதே சரிவின் அடியில் நாம் நின்றுகொண்டிருந்தால் விஷயம் வெறும் எரிச்சலோடு நிற்காது, மேலே இருக்கும் பனி மொத்தமும் கீழே வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1964இன் வில்டர்னஸ் சட்டப்படி இயற்கையாகவே விட்டுவைக்க ஒதுக்கப்பட்ட நிலங்களில் எஞ்சின் கூடவே கூடாது. அது தீர்ந்த கதை. சண்டை மிச்ச நிலத்தைப் பற்றியது. 1972இலேயே அதிபர் நிக்சன் ஓர் ஆணை போட்டார்: பொது நிலத்தில் இந்த வண்டிகளால் மண்ணுக்கும் விலங்குகளுக்கும் வரும் கேடும், மற்ற பயனாளிகளோடு வரும் மோதலும் முடிந்தவரை குறைய வேண்டும். 1977இல் கார்ட்டர் அதை இன்னும் இறுக்கினார். ஆனால் வனத்துறை 2005இல் விதி வகுத்தபோது ஜீப்புக்கும் பைக்குக்கும் எங்கே ஓட்டலாம் என்று காட்டும் வரைபடம் கட்டாயம் என்றது, பனி வண்டிக்கு மட்டும் 'விருப்பம் இருந்தால்' என்று விட்டுவிட்டது. வின்டர் வைல்ட்லேண்ட்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு, எஞ்சின் இல்லாமல் பனிமலை ஏறுகிறவர்களுக்காக, ஐடஹோ மாநிலத்தில் வழக்குப் போட்டது. 2013இல் நீதிமன்றம் இந்த விலக்கு செல்லாது என்றது. 2015 ஜனவரியில் புது விதி வந்தது: போதுமான பனி விழும் வனங்கள் எல்லாம் வரைபடம் போட வேண்டும், அதில் 'திறந்தது' என்று குறிக்காத இடம் மூடியது. பத்து வருஷம் தாண்டியும் பல வனங்களில் அந்த வேலை முடியவில்லை. அரசாங்க வேகம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போல.

இதை 'தடை' என்று எதிர்ப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு அதிகாரி உட்கார்ந்து, இந்தச் சரிவில் வண்டி போகலாமா என்று யோசித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் விதி. முன்பு யாரும் யோசிக்காமலே எல்லாம் திறந்து கிடந்தது. 'இத்தனை வருஷம் ஒன்றாகத்தானே இருந்தோம், யாரும் புகார் சொல்லவில்லையே' என்பார்கள். புகார் எப்படி வரும்? நான் ஏறுவதால் ஸ்னோமொபைல்காரரின் நாள் கெடுவதில்லை, அவர் வந்தால் என் நாள் கெடுகிறது. ஸ்கீ ஆட்கள் இரண்டு முறை பார்ப்பார்கள், அப்புறம் சத்தமில்லாமல் வேறு மலைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் போய்விட்ட மலையில் கணக்கெடுத்தால் மோதல் பூஜ்யம் என்றுதான் வரும்.

கோடு போட்டால் வண்டிக்காரர்களுக்கும் வாழ்வு உண்டு என்பதற்கு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் மேற்கு வாயிலில் புகை தாங்காமல் ரேஞ்சர்கள் முகமூடி போட்டு நின்றார்கள். கிளிண்டன் அரசு மொத்தமாக நிறுத்தப் பார்த்தது, புஷ் அரசு மாற்றியது, வாஷிங்டனில் ஒரு நீதிபதி ஒன்று சொல்ல வயோமிங்கில் இன்னொருவர் வேறு சொன்னார். கடைசியில் 2013இல் ஒரு முடிவு: நாளுக்கு இத்தனை குழு, குழுவுக்கு இத்தனை வண்டி, புகையும் சத்தமும் குறைந்த எஞ்சின், பெரும்பாலும் வழிகாட்டியோடுதான். இன்றும் வண்டிகள் ஓடுகின்றன.

சரி, இப்போது நம் பக்கம். ஸ்கீ ஆட்களிடம் ஒரு சுத்தக்காரத் திமிர் உண்டு. நாங்கள் நடக்கிறோம், புகை விடுவதில்லை, எங்களால் யாருக்கும் தொல்லை இல்லை என்று. வயோமிங்கின் டீட்டன் மலைத்தொடரில் குளிர்காலத்தைத் தள்ள உயரத்திலேயே தங்கும் பெருங்கொம்பு ஆடுகள் நூற்றுச் சொச்சம்தான் மிச்சம். அவை நல்ல மேய்ச்சலைக்கூட விட்டுவிட்டு ஒதுங்குவது ஸ்கீக்காரர்களைக் கண்டுதான் என்று ஆய்வு சொல்கிறது. அங்கே ஸ்டாட்டிக் பீக் என்ற சிகரம் போன்ற இடங்களைக் குளிர்காலத்தில் மூடிவைப்பது இதற்காகவே. இன்னும் சில சரிவுகளை மூடலாமா என்ற பேச்சு வந்தபோது நம்மவர்கள் போட்ட கூச்சல், ஸ்னோமொபைல்காரர்கள் போடும் அதே கூச்சல். வார்த்தைகூட மாறவில்லை: 'எங்கள் நிலம், எங்களை ஏன் தடுக்கிறீர்கள்?' 2023இல் அழிவு அபாயப் பட்டியலில் சேர்ந்த, பனிமலைகளில் வாழும் வேட்டை விலங்கான வுல்வரீனும் வண்டி, ஸ்கீ இரண்டையும் கண்டு விலகுகிற பிராணிதான்.

இன்னொன்று காசு. ஸ்னோமொபைல்காரர்கள் பதிவுக் கட்டணம் கட்டுகிறார்கள். பல இடங்களில் பாதையைச் சீராக்குவதும் வண்டி நிறுத்துமிடத்தில் பனி அள்ளுவதும் அந்தப் பணத்தில்தான். அள்ளிவைத்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு அவர்களையே திட்டிக்கொண்டு ஏறுவது நாம். போதாததற்கு, தூரத்து மலைக்குப் போக நம்மில் பலர் இப்போது ஸ்னோமொபைலிலேயே போய் இறங்கி ஸ்கீ போடுகிறோம்.

அதனால்தான் இங்கே கொலராடோவின் வெய்ல் பாஸ் என்ற மலைக்கணவாயில் உள்ள ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். சுமார் 55,000 ஏக்கர். ஒரு பகுதி எஞ்சினுக்கு, ஒரு பகுதி நடப்பவருக்கு மட்டும், இன்னொரு பகுதியில் வண்டியில் ஏறி ஸ்கீயில் இறங்கலாம். குளிர்காலத்தில் யாராக இருந்தாலும் கட்டணம் உண்டு. குறை இல்லாமல் இல்லை, விடுமுறை நாளில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்.

உங்கள் பக்கத்து வனம் வரைபடம் தயாரிக்கும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். 'ஸ்னோமொபைலை ஒழியுங்கள்' என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும். எந்தச் சரிவு, எந்த மாதம், எந்த நிறுத்துமிடத்திலிருந்து நடந்து எட்டக்கூடியது என்று எழுதுங்கள். ஆடு இருக்கிற சரிவு என்றால் ஸ்கீக்கும் மூடச் சொல்லி அதே கடிதத்திலேயே எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதப் போகிறேன். நம் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள், கமெண்டில் வரட்டும், பேசுவோம்.