சும்மாவோ?

2023 யூலையில் நானும் நண்பனும் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டு வன்னியைச் சுற்றி மோட்டார் சைக்கிளில் ஓடியதை அவன் இப்போதுதான் வெட்டி ஒட்டி வீடியோவாகப் போட்டிருக்கிறான். தலைப்பு ‘யாரும் போகாத வன்னிக் காடு’. வீடியோ நன்றாகத்தான் வந்திருக்கிறது. எனக்குக் கோபம் தலைப்போடு. இரண்டு நாளும் பின் சீற்றில் இருந்து போனவன் நான். ஆள் இல்லாத றோட்டு ஒன்றைக்கூட நான் காணவில்லை.

வன்னிக்குள்ளால் போகிற ஏ9 பெருந்தெருவில் ஏறுவதில்லை என்பது எங்கள் ஒரே திட்டம். ஏறினால் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்து, வன்னி பார்த்தாயிற்று என்று திரும்பிவிடலாம். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கண்ட வன்னி அவ்வளவுதான். கியூஆர் காட்டினால் கிழமைக்கு இவ்வளவுதான் என்று பெற்றோல் அளந்து தந்த காலம். அந்தக் கிழமைப் பங்கை அப்படியே அடித்துக்கொண்டு விடிய முதல் வெளிக்கிட்டோம். சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகக் காற்று எங்களைத் தூக்கிக் கடலுக்குள் போடப் பார்த்தது. 2011 இல் இந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் கடலைக் கடக்க வேண்டும். பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், பிறகு கிழக்கே திரும்பித் துணுக்காய்.

ஏழு மணி தாண்டியிருக்கும். எங்களுக்கு முன்னும் பின்னும் ஸ்கூட்டிகள். எல்லாரும் ஆசிரியைகள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கிரவல் தூசிக்குள் எங்களை முந்திப் போகிறார்கள். ‘கஷ்டப் பிரதேசம்’ என்று கல்விக் கந்தோர் பெயர் வைத்திருக்கிற பள்ளிக்கூடங்களுக்குப் போகிறவர்கள். நண்பன் கமராவைத் திருப்பிப் பற்றையையும் குரங்கையும் எடுத்தான்.

மல்லாவியில் நிற்பாட்டச் சொன்னேன். 1995 இடம்பெயர்வில் வந்து நாங்கள் கொட்டில் போட்டுக் கொஞ்சக் காலம் இருந்த இடம். 1996 இல் கிளிநொச்சி இராணுவத்திடம் போனபிறகு மல்லாவிதான் எங்களுக்குப் பட்டணம். சந்தை, ஆஸ்பத்திரி, ரியூசன் கொட்டில், சைக்கிள் நெரிசல் எல்லாம் அங்கேதான். அப்போது எட்டாத தூரத்தில் இருந்தது யாழ்ப்பாணம். இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற ஒருவன் மல்லாவியை ‘உள்ளுக்க கிடக்கிற ஊர்’ என்கிறான். ஊர் இருந்த இடத்திலேதான் இருக்கிறது.

மாங்குளத்தில் ஏ9 ஐக் குறுக்கே வெட்டி, ஒரு பிளேன் ரீ குடித்து, ஒட்டுசுட்டானில் இருந்து முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் திரும்பினோம். பின் சில்லில் காற்றுப் போனது அங்கேதான். காரை முள். எங்களிடம் இரண்டு பவர் பாங்க், மூன்று கமரா பற்றரி, ஒரு ட்ரைபொட் இருந்தன. காற்றடிக்கிற பம் இல்லை.

கால் மணித்தியாலத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒரு மீன்காரர் வந்தார். பின்னால் இரண்டு றெஜிபோம் பெட்டி. நாங்கள் கேட்க முதலே இறங்கி, சீற்றுக்குக் கீழ் இருந்து லீவர், சொலுசன், பழைய ரியூப் துண்டு எல்லாம் எடுத்தார். ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் வேண்டுமே? மீன் பெட்டிக்கு அடியில் ஐஸ் உருகி நின்ற தண்ணீருக்குள் ரியூபை அமத்தினார். குமிழி வந்தது.

“எங்கயிருந்து தம்பியவை?”

“யாழ்ப்பாணம் அண்ணை.”

“என்ன அலுவலாய்?”

“சும்மா, சுத்திப் பாக்க.”

“சும்மாவோ?” என்றார். ரியூபைத் தேய்த்தபடியே சிரித்தார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு அது புதினம்.

விடிய நாலு மணிக்கு முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, உள் ஊர்கள் எல்லாம் வித்துத் திரும்ப, ஒரு நாளைக்கு 70 கிலோமீற்றர் வருமாம். நாங்கள் இரண்டு நாளில் ஓட நினைத்தது 300 சொச்சம். அவருக்கு அது ஒரு கிழமைக்கும் போதாத ஓட்டம். 2022 இல் பெற்றோல் இல்லாதபோது பெட்டியைத் துவிச்சக்கர வண்டியில் கட்டி, பாதி ஊரோடு நின்றாராம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தை அவர் சொன்ன விதம் இன்னும் நல்லது: “சின்னப் போத்தலில பெற்றோல் வச்சு, கார்பரேட்டருக்கு ரெண்டு துளி விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு, பிறகு மண்ணெண்ணெயில ஓட்டுறது. ஹோர்ன் தேவையில்லை. மணத்திலயே மீன்காரன் வாறான் எண்டு சனத்துக்குத் தெரியும்.”

அவர் போகிற ஒரு ஊருக்கு பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. நடுவில் யாருக்கும் வருத்தம், காய்ச்சல் என்று வந்தால் மீன் பெட்டியை ஒரு வீட்டில் இறக்கி வைத்துவிட்டு ஆளை ஏற்றிக்கொண்டு போவாராம். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு 50 கிலோமீற்றர் அளவுதான். இதற்குள் எங்கே வந்தது தொலைதூரம்? பஸ் விடாத ஊருக்கு நாங்கள் ‘ஒதுக்குப்புறம்’ என்று பெயர் வைத்து, பிறகு அதையே அழகு என்று படம் பிடிக்கிறோம். நானும் படம் பிடித்தேன், மறைக்கவில்லை.

காசு வாங்க மாட்டேன் என்றார். வேறு வழியில்லாமல் ஒரு கிலோ பாரை மீன் வாங்கி, முள்ளியவளையில் நண்பனின் மாமி வீட்டுக்குக் கொண்டுபோனோம். “ஆறு மணிக்குப் பிறகு இந்தப் பக்கம் ஓடாதீங்கோ, யானை” என்று சொல்லித்தான் விட்டார்.

அடுத்த நாள் நாயாறு தாண்டிக் கொக்கிளாய். போகிற வழியில் கொக்குத்தொடுவாய். நீர்க்குழாய் பதிக்கக் கிண்டியபோது யூன் 29 அன்று மனித எச்சங்கள் வெளிப்பட்ட இடம் றோட்டோரம்தான். நாங்கள் போனபோது மறைத்திருந்தார்கள். வேகத்தைக் குறைத்தோம், நிற்கவில்லை. நண்பன் தானாகவே கமராவை நிற்பாட்டினான். அந்த மண்ணுக்கு மேலே ‘யாரும் போகாத’ என்று எழுத எப்படித்தான் மனம் வந்ததோ.

திரும்பி வரும்போது வட்டுவாகல் பாலத்தில் எதிரே வந்த உழவு இயந்திரத்துக்காகக் காத்து நின்றோம். புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன், வீடு.

நேற்று அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். தலைப்பு கிடக்கட்டும், ரியூப் ஒட்டியது முழுக்க நீ எடுத்தாய்தானே, அந்த அண்ணையை வீடியோவில் காணவில்லையே என்றேன்.

“அது இருபது நிமிசம் மச்சான், நீளம் கூடிப்போச்சு. வெட்டிட்டன்” என்றான்.