மருதம் வரை வராத காதலர்கள்

சென்ற பாடசாலை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு வந்த என் மகள், ஒரு பை நிறைய நாவல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எல்லாமே ஆணும் ஆணும், அல்லது பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதைகள். அவற்றுள் ஒன்றின் இளஞ்சிவப்பு அட்டையில் இரண்டு இளைஞர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். அதைக் கையில் விரித்தபடி ஓர் ஆங்கில ஆசிரியை மட்டக்களப்புப் பேருந்தில் போய்வர முடியாது என்பதால், பழைய மாத நாட்காட்டி ஒன்றின் தாளைக் கிழித்து உறை போட்டேன். அந்தத் தாளில் வள்ளி தெய்வானை சமேதராக முருகன் இருந்தார். வெளியே மூவரும் உள்ளே இருவருமாக அந்தப் புத்தகம் என்னோடு மூன்று வாரம் கல்லடிப் பாலத்தைக் கடந்தது.

இருபது ஆண்டுகளாக இத்தகைய நாவல்களைத் தேடி வாசித்துவருகிறேன். வாசித்ததைப் பற்றி வெளியே பேசியதில்லை. இப்போது எழுதக் காரணம், இந்தத் தடவை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தபோது, வரலாற்று நாவல், துப்பறியும் நாவல், பேய்க்கதை, அறிபுனை என்று வகை எவ்வளவு மாறினாலும் காதலர்கள் செய்யும் காரியம் ஒன்று மட்டும் மாறாமல் இருப்பதைக் கண்டதுதான். அவர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள்.

நம் அக இலக்கணம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உரிப்பொருளை, அதாவது காதலின் ஒரு நிலையை, வகுத்தது. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல், மருதத்துக்கு ஊடல். நான் வாசித்த நாவல்களில் குறிஞ்சி தாராளமாக இருக்கிறது. நெய்தல் தேவைக்கு மேல் இருக்கிறது. காதலர்கள் சேர்ந்து ஊரை விட்டுப் போகும் உடன்போக்கு நடக்கும் பாலை ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. மருதம்தான் இல்லை. சங்கப் பாட்டில் ஊடலுக்குக் காரணம் பெரும்பாலும் பரத்தை. நான் தேடுவது அதையல்ல. ஒரே கூரையின் கீழ்ப் பத்து வருடம் இருந்தபின், கறியில் உப்பில்லை என்பதை நேரே சொல்லாமல் வீட்டுக்கு வந்தவரிடம் சொல்லிக் குத்திக்காட்டும் அந்தக் கோபத்தைத் தேடுகிறேன். நாளையும் இங்கேதான் இருப்போம் என்ற நிச்சயம் இல்லாத எவரும் அப்படிக் கோபிக்கமாட்டார்கள், வயலுக்கு வரம்பு கட்டவும் மாட்டார்கள்.

இந்தக் குறையின் வேர் பழையது. ஈ. எம். ஃபோஸ்டர் தம்முடைய ‘மோரிஸ்’ நாவலை 1913, 1914 ஆம் ஆண்டுகளில் எழுதினார். 1967 இல் இங்கிலாந்து ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டிப்பதை ஓரளவு நிறுத்தியது. 1970 இல் அவர் இறந்தார். நாவல் 1971 இல் அச்சேறியது. இரண்டு ஆண்கள் காதலித்துப் பிரியாமல் வாழ்வதாகவே முடிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார் என்பதும், அந்த முடிவே அதைப் பிரசுரிக்க முடியாமற் செய்தது என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் என்னை அதிகம் உறுத்துவது, அவர் எழுதிவிட்டுப் பின்னர் நீக்கிய பின்னுரைக் காட்சி. சில ஆண்டுகள் கழித்து மோரிஸின் தங்கை காட்டில் விறகு வெட்டும் இருவரைக் காண்கிறாள். அந்தக் காட்சி யாருக்கும் பிடிக்கவில்லை, அவரும் கைவிட்டார். காதலர்கள் காட்டுக்குள் போகும் வரை எழுத முடிந்த ஒரு மேதைக்கு, அவர்கள் அங்கே என்ன சமைத்தார்கள் என்று எழுத முடியாமற் போனது. அந்த வெற்றிடத்தைப் பின்வந்தவர்கள் பலர் ஒரு மரபாகவே பேணியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு விதமாக மோசமாக இருந்தது. 1950களில் பெண்களின் காதலைச் சொன்ன மலிவுப் பதிப்பு நாவல்கள் ஏராளமாக விற்றன. ஆனால் ஒழுக்கக்கேட்டைப் பரப்புவதாகத் தபால் துறை பறிமுதல் செய்துவிடும் என்ற அச்சத்தில், காதலிகளில் ஒருத்தி புத்தி பேதலிக்க வேண்டும், சாக வேண்டும், அல்லது ஓர் ஆணிடம் திரும்ப வேண்டும் என்று பதிப்பாசிரியர்களே வற்புறுத்தினார்கள். சோக முடிவு கலையின் தேவையால் வந்தது என்று வாதாடுபவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. அந்தச் சூழலில் பற்றீசியா ஹைஸ்மித் 1952 இல் கிளெயார் மோர்கன் என்ற புனைபெயரில் ‘உப்பின் விலை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவலை வெளியிட்டார். கடையில் பொம்மை விற்கும் இளம்பெண்ணும், விவாகரத்தின் நடுவே நிற்கும் ஒரு தாயும் காதலிக்கிறார்கள். அது அடிப்படையில் ஒரு துப்பறியும் கதை. குற்றத்துக்குப் பதிலாகக் காதல், காவல்துறைக்குப் பதிலாகக் கணவன் அமர்த்திய ஒற்றன். அவர்கள் காரில் மேற்கு நோக்கி ஓட, அவன் பின்தொடர்ந்து ஒட்டுக்கேட்டுச் சாட்சியம் சேர்க்கிறான். தாய் தன் மகளை இழக்கிறாள். ஆனாலும் இருவரும் சாகவில்லை, இறுதியில் ஒருத்தி மற்றவளை நோக்கி நடக்கிறாள். அந்த நடையோடு கதை முடிகிறது. நன்றி தெரிவித்து வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்களாம். நானும் எழுதியிருப்பேன், கூடவே, மறுநாள் காலை என்ன நடந்தது என்றும் கேட்டிருப்பேன்.

வகைகளுள் எனக்கு மிகப் பிடித்தது வரலாற்று நாவல். அதிலும் சேரா வோட்டர்ஸ் 2002 இல் எழுதிய ‘ஃபிங்கர்ஸ்மித்’ நாவலை ஐந்து தடவைக்குக் குறையாமல் வாசித்திருப்பேன். (இனிச் சொல்லப்போவதில் முடிவு தெரிந்துவிடும்; வாசிக்க எண்ணியிருப்பவர்கள் அடுத்த பத்தியையும் சேர்த்துத் தாண்டிவிடலாம்.) 1862 இல் லண்டனில் திருடர்களிடையே வளர்ந்த ஒரு பெண், நாட்டுப்புற மாளிகையில் அடைபட்டிருக்கும் ஒரு பணக்காரப் பெண்ணுக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்படுகிறாள். சீமாட்டியை ஒரு போலிக் கனவானுக்கு மணமுடித்து, பின்னர் பைத்தியக்கார விடுதியில் அடைத்துவிட்டுச் சொத்தைப் பங்கிடுவது சூழ்ச்சி. அந்தச் சூழ்ச்சி சாத்தியமாவதற்குக் காரணம், அக்கால இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்கே போனது. அதைத் திருத்திய முக்கிய சட்டம் 1882 இல்தான் வந்தது. அதாவது இந்தக் காதலுக்கு எதிராக நிற்பது வெறும் வெறுப்பு மட்டுமல்ல, வீட்டின் உறுதிப்பத்திரமும்தான்.

இதை மட்டக்களப்பில் இருந்து வாசிப்பவருக்கு வேறொன்றும் தோன்றும். நமக்குக் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியே வருகிறது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. மணமுடித்த ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வருகிறான். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதுதான் வழக்கம். நான் இதை எழுதும் வீடும் என் தாயிடமிருந்து எனக்கு வந்ததே. ஆகவே அந்த நாவலின் இறுதியில், சூழ்ச்சிகள் எல்லாம் ஓய்ந்த பின்னர், இரு பெண்களும் அதே பழைய மாளிகையில் சந்திப்பதும், ஒருத்தி எழுதிச் சம்பாதிப்பதும், எழுத்தறியாத மற்றவளுக்கு அவள் தான் எழுதியதைக் காட்டத் தொடங்குவதும் என்னை அசைத்தன. வீடு பெண்ணிடம் இருந்தால் ஓட வேண்டியதில்லை. இந்நாவலைத் தழுவி 2016 இல் வந்த கொரியத் திரைப்படம் அழகிலும் துணிவிலும் குறைந்ததல்ல. ஆனால் அதில் அந்தப் பெண்கள் ஷாங்காய் நோக்கிக் கப்பலேறிவிடுகிறார்கள். திரும்பவும் பாலை.

இலங்கை நாவல்களுக்கு வருவோம். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ 1994 இல் வெளிவந்தது. கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஒருவன், தான் யார் என்று அறிந்துகொள்வதும், ஒரு சிங்கள மாணவனைக் காதலிப்பதும், 1983 கலவரத்தில் எல்லாம் எரிவதும், குடும்பம் கனடாவுக்குப் புறப்படுவதும் கதை. இங்கே பிரிதலைக் குறையென்று சொல்ல எனக்கு வாய் வராது. காதலன் என்பதால் அல்ல, தமிழன் என்பதால் அவன் போகிறான். இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதே அந்த நாவலின் வேதனை. 2022 இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலக்கவின் நாவலோ பேய்க்கதையும் கொலை மர்மமும் கலந்தது. போர்ப் புகைப்படக்காரன் ஒருவன் தன்னைக் கொன்றது யார் என்று செத்த பின்னர் தேடுகிறான். அவன் காதலித்தது ஒரு தமிழ் அமைச்சரின் மகனை. உயிரோடிருந்தபோது ஒழுங்காகச் சொல்லாத அன்பை, சொல்ல வாயில்லாத நிலையில் உணர்கிறான். பேய்க்கதை என்ற வகை இதற்கு அச்சாகப் பொருந்துகிறது: பக்கத்தில் இருந்தும் காணப்படாதிருத்தல் பேய்க்கு மட்டும் உரியதல்லவே. நகைச்சுவை சில இடங்களில் அளவு மீறினாலும், இந்த ஒரு பொருத்தத்துக்காக அதை மன்னித்தேன்.

நாட்டின் சட்டத்தையும் இங்கே மறந்துவிட முடியாது. ஆங்கிலேயர் 1883 இல் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இந்த உறவுகளைக் குற்றமாக்கின. 1995 இல் வந்த திருத்தம் 365அ பிரிவில் இருந்த ஆண் என்ற சொல்லை அகற்றிப் பெண்களையும் உள்ளே சேர்த்தது. பெண்களுக்குச் சமத்துவம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்த வேறு இடம் எனக்கு நினைவில்லை. இப்பிரிவுகளைத் திருத்தும் தனி உறுப்பினர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் வெளிவந்தது. தீர்மானம் வேறு, திருத்தம் வேறு. நம் நாவல்களின் காதலர்கள் ஏன் விமான நிலையத்துக்குப் போகிறார்கள் என்பதற்கு விளக்கம் அங்கேயும் இருக்கிறது.

இளஞ்சிவப்பு அட்டைக்காரர் கதையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அமெரிக்க ஜனாதிபதியின் மகனும் பிரித்தானிய இளவரசனும் காதலிக்கிறார்கள். இனிமையாக எழுதப்பட்டிருக்கிறது, சிரித்தேன். ஆனால் மாளிகையில் இருப்பவர்களுக்கு வாடகை வீடு தேடும் கவலை இல்லை. மகள் தலைமுறையின் பள்ளிக்கூடக் காதல் சித்திரக்கதைகளையும் பார்த்தேன்; பதினைந்து வயதில் எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு அவை அன்று கிடைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மாய உலகக் கதைகளில் இப்போது ஒரு புதிய வழக்கம் காணப்படுகிறது. அவ்வுலகங்களில் யார் யாரைக் காதலித்தாலும் ஒருவரும் புருவம் உயர்த்துவதில்லை. முதலில் இது ஏமாற்று என்று எரிச்சற்பட்டேன். பிறகு, வாசகர் ஒருவருக்கு முந்நூறு பக்கத்துக்காவது மூச்சுவிட இடம் வேண்டும் என்று புரிந்துகொண்டேன். என்றாலும் தடை இல்லாத காதலுக்குக் கதை வேண்டுமென்று ஒரு போரையோ சிம்மாசனத்தையோ கொண்டுவர, மறுபடியும் பயணம் தொடங்கிவிடுகிறது. 2019 இல் அமல் எல்-மொஹ்தாரும் மக்ஸ் கிளாட்ஸ்டனும் சேர்ந்து எழுதிய, காலத்தின் ஊடாக நடக்கும் போரைப் பற்றிய குறுநாவலை மட்டும் இந்தக் குறையோடு சேர்க்க மனமில்லை. எதிரெதிர் அணிகளின் இரண்டு உளவாளிப் பெண்கள், மர வளையங்களிலும் தேயிலையிலும் கடிதம் ஒளித்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். நாரையையும் தென்றலையும் தூதுவிட்ட மொழிக்காரிக்கு அது அந்நியமாகவே தோன்றவில்லை. அணிகளின் பெயரால் அயலவரை இழந்த ஊரில் இருந்து வாசிக்கும்போது, எதிரியின் கையெழுத்தைக் காதலிப்பது சிறிய விடயமும் அல்ல.

தமிழில் என்ன இருக்கிறது என்று மகள் கேட்டாள். கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ சிறுகதையையும் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவலையும் சொன்னேன். இரண்டிலும் பரிவு உண்டு, துயரம் உண்டு. ஆனால் நான் வாசித்தவரையில், காதலித்தவரோடு காலந்தள்ளும் சுகத்தை முழு நாவலாக்கியவர் அரிது. இத்தனைக்கும் நம் மொழி இதற்குத் தடையாக இல்லை. தன்மையிலும் முன்னிலையிலும் தமிழுக்குப் பால் வேறுபாடு கிடையாது. செம்மண்ணில் பெய்த மழையைப் பாடிய குறுந்தொகையின் 40 ஆம் பாடலில், பேசுபவர் ஆண் என்றோ கேட்பவர் பெண் என்றோ காட்டும் ஒரு சொல்லும் இல்லை. அதைத் தலைவன் கூற்றாக்குவது பாட்டின் கீழே உள்ள துறைக்குறிப்பு. அகத்தில் தலைமக்களின் பெயரைச் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் சொல்லிவைத்ததும் ஒரு வசதிதான். படர்க்கையில் ‘அவர்’ இருக்கிறது. ஆங்கிலேயர் ஒருமைக்குப் பன்மைச் சொல்லைத் தேடி அலையும்போது, நாம் அதை மரியாதை என்ற பெயரில் நாள்தோறும் புழங்குகிறோம்.

மருதம் இல்லை என்று நான் இவ்வளவு தூரம் வருந்துவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. சிறுவயதில், என் பெத்தாவின், அதாவது பாட்டியின், வளவுக்கு அடுத்த வளவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வீடு ஒருத்தியின் சீதனம். கணவன் கலியாணமாகிச் சில மாதங்களில் எங்கேயோ போய்விட்டான். மற்றவர் பன்பாய் இழைக்க வந்து அங்கேயே தங்கிவிட்டார். ஒருவரையொருவர் மச்சாள் என்றே அழைத்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று நான் இன்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அன்று ஒருவரும் கேட்டதாகவும் நினைவில்லை. மாதத்தில் ஒரு தடவையாவது பெரும் சண்டை நடக்கும். பாய் இழைப்பவர் சாப்பிடாமல் வளவு வாசற் கடப்படியில் போய் இருந்துகொள்வார். வீட்டுக்காரி வேலியோரம் வந்து, பத்தடி தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி என் பெத்தாவிடம் சொல்லுவார்:

“மாமி, அவவுக்கிட்டச் சொல்லுங்க, சோறு ஆறுது எண்டு.”

பெத்தா அதை அப்படியே திருப்பிச் சொல்லுவார். மருதப் பாட்டில் ஊடியவர்களுக்கிடையே தூது நிற்கும் வாயில் என்று வருபவருக்கு உரை எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பெத்தாவின் குரல்தான் கேட்கிறது. அரைமணி நேரத்தில் வாவி இறால் கறியின் வாசனையோடு இருவரும் பேசும் சத்தம் வேலிக்கு இந்தப்பக்கம் வரும்.

அந்த அரைமணி நேரத்தை எழுதிய ஒரு நாவல், எந்த வகையாயினும், எந்த மொழியாயினும், உங்களில் யாரிடமாவது இருந்தால் இரவல் தாருங்கள். அந்த நாட்காட்டியில் இன்னும் பதினொரு தாள்கள் இருக்கின்றன.