அதிகாரி பேட்ஜைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரிகளின் பழைய கேப் பேட்ஜ் (தொப்பிச் சின்னம்), பதவியைக் காட்டும் தோள் நட்சத்திரம், பித்தான் சேகரிக்கிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிற படம் ஒன்று உண்டு. பளபளவென்று மின்னும் பேட்ஜ், கூடவே "சுத்தம் பண்ணியாச்சு, என்ன விலை போகும்?" என்ற கேள்வி. தேய்ப்பதற்கு முன்பே கேட்டிருந்தால் நல்ல பதில் சொல்லியிருக்கலாம்.

சிப்பாய்க்கு பேட்ஜை அரசாங்கம் கொடுத்தது. அதிகாரியோ பெரும்பாலும் கைக்காசு போட்டுத் தன் தையல்காரரிடம் வாங்கினார். அதனால்தான் இதில் இத்தனை ரகம். விழாச் சீருடைக்குப் பொன்முலாம் அல்லது வெள்ளி. அன்றாடக் காக்கிக்கு வெண்கல நிறம் ஏற்றியது. அந்த வெண்கல நிறம் உலோகத்தின் மேல் ரசாயனத்தால் ஏற்றிய மெல்லிய பழுப்புத் தோல், அவ்வளவுதான். புளி, எலுமிச்சை, பாலிஷ் எது பட்டாலும் கரைந்து மஞ்சள் வெளியே தெரியும். திரும்ப நிறம் ஏற்றினால் விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே மாட்டிவிடும். ரைபிள் படைப்பிரிவுகளின் நட்சத்திரங்கள் இன்னும் பாவம். அவை கறுப்பாகவே செய்யப்பட்டவை. அதை அழுக்கென்று சுரண்டி வெள்ளையாக்கி வைக்கிறார்கள்!

வெதுவெதுப்பான வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) காரமில்லாத சோப்பு இரண்டு சொட்டு, மிருதுவான பிரஷ், உடனே ஈரம் போகத் துடைப்பது. இதற்கு மேல் வேண்டாம். எனாமல் இருந்தால் முக்கி வைக்காதீர்கள். விரிசல் வழியே நீர் இறங்கும். பச்சைக் களிம்பை மட்டும் மூங்கில் பல்குச்சியால், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, பொறுமையாக எடுக்கலாம். குண்டூசி கூடாது, கீறும்.

வாங்கும்போது முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சிப்பாய் பேட்ஜில் தொப்பிக்குள் செருகுகிற நீளமான ஸ்லைடர் நிறைய வரும். அதிகாரியின் வெண்கல பேட்ஜில் பெரும்பாலும் காட்டர் பின் (இரட்டைக்கால் ஊசி) கோக்கிற இரண்டு வளையங்கள், அல்லது துணியில் நுழைத்து மடக்குகிற இரண்டு தகட்டு நாக்குகள் இருக்கும். பிரிட்டனில் செய்தது அச்சில் அடித்தது. கோடுகள் கூர்மையாக நிற்கும். அசலை மாதிரியாக வைத்து வார்த்த போலியில் பின்பக்கம் மணல் மணலாக, ஊசித்துளைகளோடு இருக்கும். பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும். 45 மில்லிமீட்டர் அசலின் வார்ப்பு அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கும். நுட்பமாக அளக்கிற வெர்னியர் காலிப்பரைக் கையோடு வைத்திருங்கள்.

ஆனால் இந்தியப் படைப்பிரிவுகளுக்கு இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். கன்டோன்மென்ட் பஜாரில் உள்ளூர்த் தட்டார் வெள்ளியில் வார்த்துக் கொடுத்ததை அணிந்த அதிகாரிகளும் உண்டு. அங்கே வார்ப்பே அசல். அப்போது தேய்மானத்தைப் பாருங்கள்: துடைக்கத் துடைக்க மேடான இடங்கள் மழுங்கியிருக்க வேண்டும், பள்ளங்கள் அல்ல.

வெள்ளியில் ஹால்மார்க் இருந்தால் அதிர்ஷ்டம். நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் வெள்ளி, நங்கூரம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன். கூட இருக்கும் எழுத்து ஆண்டைச் சொல்லும். அந்த ஆண்டும் கிரீடமும் ஒத்துப்போக வேண்டும். 1901 வரை விக்டோரியா கிரீடம். அதற்குப் பிறகு 1950-கள் தொடங்கும்வரை மன்னர் கிரீடம். ஆனால் பெயரிலேயே விக்டோரியா ராணியைச் சுமந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) போன்ற பிரிவுகளில், ராணியின் முதலெழுத்துகளைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டு என்று முடிவுகட்டக் கூடாது. அதேபோல கிரீடம் இருந்தாலே 1947-க்கு முந்தையது என்பதும் தப்பு. 1950 ஜனவரி 26-ல்தான் இந்தியத் தோள்பட்டையில் கிரீடத்தின் இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்தது.

"1930-களின் மெட்ராஸ் ரெஜிமென்ட் அதிகாரி பேட்ஜ்" என்று யாராவது நீட்டினால் நிதானியுங்கள். அந்த ரெஜிமென்ட்டின் நிரந்தர, முழுநேர பட்டாலியன்கள் 1920-களின் கடைசிக்குள் கலைக்கப்பட்டுவிட்டன. மீண்டும் எழுந்தது 1940-களின் தொடக்கத்தில். இடையில் இருந்தவை டெரிட்டோரியல் (பகுதிநேரப் படை) பட்டாலியன்கள்தான். எனவே எந்தப் பட்டாலியன் என்ற கேள்விக்கு விற்பவரிடம் பதில் இருக்க வேண்டும்.

கோட்டோடு கிடைத்தால் பேட்ஜைப் பிய்க்காதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். உள்பாக்கெட்டில் தையல்காரரின் லேபிளில் அதிகாரியின் பெயரும் தேதியும் மையில் எழுதியிருக்கும். அந்தப் பெயரை அந்த ஆண்டின் ஆர்மி லிஸ்ட்டில் (ராணுவ அதிகாரிகளின் அச்சிட்ட பெயர்ப் பட்டியல்) தேடினால் பதவி கிடைக்கும். 1898 தேதியிட்ட கோட்டில் இரண்டு நட்சத்திரம் என்றால் அவர் கேப்டன். 1902 மாற்றத்துக்குப் பிறகுதான் இரண்டு நட்சத்திரம் லெப்டினன்ட் ஆனது, கேப்டனுக்கு மூன்று. பேட்ஜைத் தனியே கழற்றி விற்றால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும்.

வைப்பதற்கு பி.வி.சி. உறை, ரப்பர் பேண்ட், தேக்குப் பெட்டி மூன்றும் வேண்டாம். பி.வி.சி. பித்தளையில் பச்சை பிடிக்க வைக்கும். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மர ஆவி உலோகத்தை அரிக்கும். பாலிஎத்திலீன் உறையும் அமிலமில்லாத காகிதமும் சிலிக்கா ஜெல்லும் போதும். சென்னை மாதிரி ஊரில் ஜெல்லை மாதம் ஒருமுறையாவது காயவைத்துப் போட வேண்டும்.

நூறு ஆண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். லண்டன்காரர் நல்ல விலை தருகிறார் என்று 1915 பேட்ஜைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். தனியாருக்கு அந்த ஏற்றுமதி அனுமதி கிடையாது.