சீரியலை எழுதுவது யார், கமெராவைக் கேளுங்கள்

இயக்குநர்தான் படைப்பாளி என்று உயர்தர (ஏ.எல்.) வகுப்பில் ஊடகக் கற்கை படிக்கும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். சினிமாவுக்கு அது ஓரளவு சரிதான். 1950களில் பிரான்சில், பின்னாளில் இயக்குநரான த்ரூஃபோவும் அவர் கூட்டாளிகளும் பத்திரிகையில் எழுதி எழுதிக் கிளப்பிவிட்ட கருத்து. டிவி தொடருக்கு அதை அப்படியே தூக்கி வைத்தால் நிற்காது.

பிரேக்கிங் பேட் என்ற அமெரிக்கத் தொடரை எடுங்கள். 62 எபிசோட், இயக்கியவர்கள் ஒரு பட்டாளம். ஆனால் எந்த எபிசோடை நடுவில் போட்டாலும் இன்ன தொடர் என்று தெரிந்துவிடும். திரையில் முக்கால்வாசி பாலைவன வானம், அடியில் இரண்டு ஆட்கள். இல்லையென்றால் கமெரா ஏதோ ஒரு பெட்டிக்குள்ளே உட்கார்ந்து, மூடியைத் திறக்கிறவன் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். உருவாக்கியவர் வின்ஸ் கில்லிகன். இரண்டாம் சீசனிலிருந்து பெரும்பாலான எபிசோடுகளுக்கு ஒளிப்பதிவு மைக்கேல் ஸ்லோவிஸ். வந்துபோகிற இயக்குநர் புகுந்த வீட்டு மருமகள் மாதிரி, அங்கே என்ன ருசியோ அதில்தான் சமைக்க வேண்டும்.

ட்ரூ டிடெக்டிவ் என்ற இன்னொரு அமெரிக்கத் தொடர் இதற்கு நேர்மாறு. 2014இல் வந்த முதல் சீசனின் 8 எபிசோடையும் எழுதியவர் நிக் பிசொலாட்டோ, இயக்கியவர் கேரி ஃபுகுனாகா ஒருவரே. நாலாவது எபிசோட் முடிவில் வெட்டே இல்லாமல் ஆறு நிமிடத்துக்கு ஓடும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த வருடம் இரண்டாவது சீசன். எழுத்து அதே பிசொலாட்டோ, இயக்கம் மட்டும் பல கைக்குப் போனது. பெயர் அதேதான், ஆனால் முதல் சீசனின் அந்த ஈரமும் நிதானமும் படத்தில் இல்லை. அப்படியானால் முதல் சீசன் யாருடையது? எழுதினவருடையது என்று மட்டும் இனி சொல்ல முடியாது, இல்லையா?

சரி, நம் சீரியலுக்கு வருவோம். மழைக்கு டிஷ் சிக்னல் போனால்கூட மறுநாள் பைப்படியில் கதை கேட்டுத் தெரிந்துகொள்கிற சனம் நாங்கள், ஆகவே இளக்காரமாகப் பேச மாட்டேன். ஒரு அதிர்ச்சி வசனம், உடனே கூடத்தில் நிற்கும் எல்லோர் முகமும் வரிசையாக, மாமியார் முகம் மூன்று தரம். சிரிக்கிறோம். ஆனால் நாளுக்கு ஒரு எபிசோட் கொடுக்க வேண்டியவனுக்கு அது எவ்வளவு வசதி என்று யோசியுங்கள். முகத்தை மட்டும் தனியாக எடுத்தால் எல்லா நடிகரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கத் தேவையில்லை, நிமிடமும் நிரம்பிவிடும். நிழலே விழாத அந்த வெளிச்சமும் அப்படித்தான். 1951இல் ஐ லவ் லூசி என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடருக்கு ஒளிப்பதிவு செய்த கார்ல் ஃப்ராய்ண்ட், மெட்ரோபோலிஸ் என்ற மௌனப் படத்துக்கும் ஒளிப்பதிவு செய்த கை, மூன்று கமெரா ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் செட் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் போட்டார். ஆக அந்த ஸ்டைலில் கால்வாசியாவது ஷெட்யூல் எழுதியது. அதற்குள்ளேயும் தன் கையெழுத்தைப் போட்டவர்கள் உண்டு. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய விடாது கருப்பு சீரியல் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

(சிங்களப் பக்கம் டெலி நாடகத்தை இயக்குநர் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். பொன்மணி என்ற தமிழ்ப் படத்தை எடுத்த தர்மசேன பத்திராஜ மாதிரி சினிமாக்காரர்கள் அங்கே வந்து எடுத்தது ஒரு காரணம். அது தனிப் பதிவு.)

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், டைட்டிலில் யார் பெயர் என்று பார்ப்பதை விடுங்கள், கமெரா வழக்கமாக எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களைப் படம் எடுக்கிறவர்களிடம் முதலில் இதைச் செய்து பாருங்கள். கொழும்பில் இருந்து வரட்டும், சென்னையில் இருந்து வரட்டும், முதல் ஷாட் ட்ரோன்தான். பச்சை, பச்சை, நடுவில் கூடையோடு பெண்கள், மேலே பனி. எழுதினவர் வேறு, இயக்கினவர் வேறு, ஷாட் ஒன்றே. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற இடத்துக்கு யாரும் கமெராவைக் கொண்டுபோவதில்லை. தராசு முள் நிற்பதற்குள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதிவிடுவார், இடுப்பில் படங்குச் சீலை கட்டின கொழுந்தெடுக்கும் அக்கா எட்டிப் பார்ப்பார், ஈரத்துக்கென்று எடையில் கழிப்பதைப் பற்றி வாய்க்குள்ளேயே ஏதோ சொல்வார். அங்கே நாடகம் தானாகவே நடக்கிறது.

லயத்துக் காம்பராவை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையை, எடுக்கும்போது இன்னொன்று நடக்கும். 10 அடிக்கு 12 அடி. செட் போட்டால் ஒரு சுவரைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தில் இருந்து எடுக்கலாம். உண்மையான காம்பராவில் கழற்ற முடியாது, ஆகவே கமெரா இஸ்தோப்பில், அதாவது முன் தாழ்வாரத்தில், நின்று வாசல் வழியாக உள்ளே பார்க்கிறது. யார் அப்படிப் பார்ப்பார்கள்? கணக்கெடுக்க வந்த ஆள், தேர்தலுக்கு வந்த ஆள். வீட்டுக்காரர் இருட்டுக்குள், அடுப்புப் பக்கம் இருந்து, வாசல் வெளிச்சத்தில் நிற்கிறவரைப் பார்க்கிறார். கமெராவை அந்த அடுப்புப் பக்கம் வைத்து ஒரு காட்சி எடுத்தால் போதும், யார் எடுத்தது என்று பெயர் போடாமலே தெரியும்.

நம் தம்பி தங்கைகள் யூடியூபுக்கு குறும்படம் எடுக்கிறார்கள், நல்ல விசயம், அவர்களும் ட்ரோனில்தான் தொடங்குகிறார்கள் என்பதுதான் எனக்குக் கடுப்பு. ட்ரோன் வாடகைக் காசுக்கு ஒரு வைட் லென்ஸ் வாடகைக்கு எடுத்துக்கொண்டு காம்பராவுக்குள் போங்கப்பா. எடுத்தவர்கள் கீழே லிங்க் போடுங்கள், பார்த்துவிட்டு நல்லதோ கெட்டதோ மறைக்காமல் எழுதுகிறேன்.