தழை தின்றால் கோழையா?

டைனோசர் படங்கள் மேல் எனக்கு ஒரு தீராத கடுப்பு உண்டு. தழை தின்னும் சின்ன டைனோசர் திரையில் தலைகாட்டினாலே முடிவு தெரிந்துவிடும். மேயும், திடுக்கிட்டுப் பார்க்கும், ஓடும், பெரிசு ஒன்று கவ்விக்கொண்டு போகும். அதற்குக் கொடுக்கிற வேஷம் அவ்வளவுதான்.

கொப்புடையம்மன் திருவிழாக் கடையில் தங்கச்சி மகனுக்கு ஒரு பை டைனோசர் பொம்மை வாங்கினேன். அதில் ஒன்று புரோட்டோசெராடாப்ஸ் என்கிற தழைதின்னி. வயிற்றில் பிளாஸ்டிக் ஒட்டின கோடு, ஒரு கால் கோணல், நிற்க வைத்தால் சாயும். பயல் அதை எடுத்து நேரே டி-ரெக்ஸ் வாயில் சொருகினான். "ஏன்டா?" என்றால், "இது அதுக்குச் சாப்பாடு மாமா" என்கிறான். டி-ரெக்ஸ் இருந்தது வட அமெரிக்காவில், அதுவும் இது அழிந்து பல லட்சம் வருஷம் கழித்து. அவனைச் சொல்லி என்ன செய்ய, பார்த்த படமெல்லாம் அப்படி.

நிஜக் கதையைக் கேளுங்கள். மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் சுமார் 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பிராணி இது. ஆட்டை விடக் கொஞ்சம் பெரிசு. வளைந்த அலகு, பிடரியில் எலும்புக் கேடயம். 1971-ல் போலந்து-மங்கோலியக் குழு அங்கே தோண்டியபோது, இதுவும் வெலாசிராப்டர் என்கிற கறிதின்னி டைனோசரும் கட்டிப் புரண்ட நிலையிலேயே கிடைத்தன. ராப்டரின் கால் நகம் இதன் கழுத்தருகில். ராப்டரின் வலது கை இதன் வாயில். கடித்த பிடியை விடாமலே மணலில் புதைந்திருக்கிறது!

இதைவிட ஒரு சண்டைக் காட்சி வேண்டுமா? ஆனால் 1993-ல் ஜுராசிக் பார்க் வந்ததும் நட்சத்திரமானது ராப்டர் மட்டும். நிஜத்தில் அது வான்கோழி அளவு. படத்தில் ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். (அதுக்கு இறகு இருந்தது 2007-ல்தான் உறுதியானது, படத்தில் இறகு இல்லாததை மன்னித்துவிடலாம்.) கையைக் கடித்துப் பிடித்தவனைப் படத்தில் தேடினாலும் காணோம்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிராவயல் மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிடுகிற மாடு தின்பது வைக்கோலும் பருத்திக்கொட்டையும்தான். பொட்டலில் அது ஒரு தடவை திரும்பி நின்றால் எத்தனை பேர் நிற்கிறான்?

விஞ்ஞானிகளும் சளைத்தவர்களில்லை. 1923-ல் கோபியில் கிடைத்த முட்டைகளைப் புரோட்டோசெராடாப்ஸுடையது என்று முடிவுகட்டி, பக்கத்தில் செத்துக் கிடந்த ஓவிராப்டர் என்கிற இன்னொரு டைனோசருக்கு முட்டைத் திருட்டுப் பட்டம் கட்டினார்கள். எழுபது வருஷம் கழித்து அதே மாதிரி முட்டைக்குள் கருவைப் பார்த்தால், அது ஓவிராப்டர் வகைக் குஞ்சு. திருடனாம் ஒருத்தன், பறிகொடுத்த அப்பாவியாம் இன்னொருத்தன். இரண்டுமே கட்டுக்கதை.

சண்டை எலும்புகள் கிடைத்த அதே இடத்தில், 15 குட்டிகளோடு ஒரு புரோட்டோசெராடாப்ஸ் கூடும் பின்னாளில் கிடைத்தது. கதை பஞ்சம் என்பவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும். வில்லனாக ராப்டரையே போட்டுக்கொள்ளுங்கள், அளவை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டு.